கண்ணில் கத்தி வைப்பவர் யார்?

தெல்லிப்பழையிலும் அதனைச் சூழ்ந்த வலிகாமம் வடக்குக் கிராமங்களிலும் இருந்து 1990 இல் இடம்பெயர்ந்தபோது நாற்பது வயதில் தோட்டம் செய்து கொண்டிருந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். காணிகள் கட்டங்கட்டமாக விடப்பட்டு வந்திருக்கின்றன. இன்னும் விடப்படாத காணிகளும் உண்டு. பற்றை மூடிக் கிடக்கும் நிலத்திலே எல்லைக்கல் எங்கே இருந்தது, பங்குக் கிணறு எது, வாய்க்கால் எப்பக்கமாக ஓடியது என்று கைகாட்டிச் சொல்லக்கூடியவர்கள் இந்த மூத்தவர்களே. உறுதி தொலைந்த குடும்பத்துக்கு அவர்களுடைய கண்ணே உறுதி. அந்தக் கண்ணிலே புரை படர்ந்து விட்டால் இழப்பு ஒருவருக்கு மட்டுமானதன்று.

கண்புரையை மருந்தாலோ கண்ணாடியாலோ நீக்க முடியாது. சத்திரசிகிச்சை ஒன்றே வழி. ஆனால் கண் சத்திரசிகிச்சை நிபுணர்கள் சிலரே, காத்திருப்போர் பலர். ஆகவே உலகின் பல பகுதிகளில் ஒரு கேள்வி எழுந்துள்ளது. கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுக்கும் ஒப்ரோமெற்றிஸ்ற்றுக்கு மேலதிகப் பயிற்சி அளித்து, சத்திரசிகிச்சை செய்யவும் அனுமதித்தால் என்ன? இலங்கையில் இன்று அவருக்கு அந்த அனுமதி இல்லை. ஆயினும் இந்த வாதத்தை நாமும் விளங்கிக் கொள்வது நல்லது. ஏனெனில் இதில் பேசப்படுவது எங்கள் போன்றவர்களுடைய கண்களைப் பற்றியே.

யார் என்ன வேலை செய்கிறார்?

எங்கள் ஊர்களில் கண்ணோடு தொடர்புடைய எல்லாரையும் "கண் டொக்டர்" என்றே அழைக்கிறோம். உண்மையில் இவர்கள் வெவ்வேறு பயிற்சி பெற்றவர்கள்.

கண் சத்திரசிகிச்சை நிபுணர் முதலில் மருத்துவ பீடத்தில் ஐந்து வருடம் படிக்கிறார். பின் ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி. அதன் பின்னர் கண் வைத்தியத்தில் மட்டும் பல வருடப் பட்டமேற்பயிற்சி. கண்ணை வெட்டித் திறக்கும் அதிகாரம் இவருக்கே உண்டு.

ஒப்ரோமெற்றிஸ்ற் பார்வையை அளந்து கண்ணாடி எழுதுபவர். புரை, கண் அழுத்த நோய், நீரிழிவினால் விழித்திரையில் வரும் பாதிப்பு முதலியவற்றை அடையாளம் கண்டு நிபுணரிடம் அனுப்பவும் பயிற்சி பெற்றவர். இவர் கண்ணைப் படித்தவர். ஆனால் பொது மருத்துவம் படித்த வைத்தியர் அல்லர்.

அரசாங்க ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்கில் பார்வை சோதிப்பவர் பெரும்பாலும் கண் தொழில்நுட்பவியலாளர். கண்ணாடிக் கடையில் சட்டத்துக்கு அளவாகக் கண்ணாடியை வெட்டிப் பொருத்துபவர் ஒப்ரீசியன். இவர்கள் எல்லாருடைய உழைப்பும் எங்களுக்கு வேண்டும். ஆனால் யார் முன்னே உட்கார்ந்திருக்கிறோம் என்பதை அறிந்து உட்கார வேண்டும்.

சத்திரசிகிச்சை என்பது ஒன்றல்ல

இந்த வாதத்திலே பலர் தடுமாறும் இடம் இதுதான். "கண் சத்திரசிகிச்சை" என்ற ஒரே பெயருக்குள் மூன்று வகை வேலைகள் அடங்கியுள்ளன.

முதலாவது, கண்ணுக்கு வெளியே செய்வது. இமையில் வந்த கட்டியைக் கீறுவது, சிறு வளர்த்தியை வெட்டி எடுப்பது போன்றவை.

இரண்டாவது, லேசர் ஒளியால் செய்வது. கண் அழுத்தத்தைக் குறைக்க ஒரு வகை லேசர் உண்டு. புரை எடுத்த சிலருக்கு, மாதங்கள் அல்லது வருடங்கள் கழித்து, புதிய வில்லைக்குப் பின்னால் உள்ள மெல்லிய சவ்வு மங்கலாகும். அதிலே துவாரம் இட இன்னொரு வகை லேசர் உண்டு. இங்கே கத்தி இல்லை. சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் குறி தவறினால் சேதம் உண்டு.

மூன்றாவது, கண்ணைத் திறந்து செய்வது. கண்புரைச் சிகிச்சை இந்த வகையைச் சேர்ந்தது. அரிக்கன் லாம்பின் சிமினியில் புகை பிடித்தால் திரி நன்றாக எரிந்தாலும் வெளிச்சம் வராது. அதுபோல் கண்ணுக்குள் உள்ள வில்லை மங்கும்போது விழித்திரை நன்றாக இருந்தாலும் காட்சி தெரியாது. வைத்தியர் சிறு துவாரத்தின் ஊடாக மங்கிய வில்லையை எடுத்துவிட்டு, அதே மெல்லிய உறைக்குள் செயற்கை வில்லையை வைக்கிறார். தேர்ந்த கைக்கு இது பத்துப் பதினைந்து நிமிட வேலையாகலாம். ஆனால் அந்த உறை கிழிந்தால், பின்னால் உள்ள பசை போன்ற பொருள் முன்னுக்கு வந்துவிடும். அந்த வேளையில் என்ன செய்வதென்று தெரிந்தவரே அந்தக் கண்ணைக் காப்பாற்ற முடியும். எல்லாம் ஒழுங்காக நடக்கும் வேளையில் கைப்பழக்கம் போதும். ஒன்று பிழைக்கும் வேளைக்காகவே நீண்ட பயிற்சி வேண்டும்.

அமெரிக்காவில் நடந்த வாதம்

ஐக்கிய அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலம் 1998 இல் ஒப்ரோமெற்றிஸ்ற்றுகள் சிலவகை லேசர் சிகிச்சைகளைச் செய்யச் சட்டப்படி அனுமதி அளித்தது. பின்னர் கென்ரக்கி 2011 இலும், லூசியானா 2014 இலும், அலாஸ்கா 2017 இலும், ஆர்க்கன்சோ 2019 இலும் வழிவிட்டன. வேறு சில மாநிலங்களும் தொடர்ந்தன. கலிபோர்னியாவில் 2022 இல் சட்டமன்றம் ஏற்றுக்கொண்ட சட்டமூலத்தை, பயிற்சி போதாது என்ற காரணத்தால் ஆளுநர் நிராகரித்தார். இவ்வளவும் மேலே சொன்ன முதலாம், இரண்டாம் வகைகளைப் பற்றியவை. கண்புரையை எடுக்க அங்கும் அவர்களுக்கு அனுமதி இல்லை.

ஆதரிப்போர் சொல்வது இது: கிராமப்புற மக்கள் நிபுணரைத் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியுள்ளது. ஒப்ரோமெற்றிஸ்ற் பக்கத்து ஊரிலேயே இருக்கிறார். எளிய லேசர் வேலையை அவர் செய்தால் நோயாளிக்குச் செலவும் அலைச்சலும் குறையும். நிபுணருக்குக் கடினமான சிகிச்சைகளுக்கு நேரம் கிடைக்கும்.

எதிர்ப்போர் சொல்வது இது: குறுகிய காலப் பயிற்சி, வருடக்கணக்கான சத்திரசிகிச்சைப் பயிற்சிக்கு ஈடாகாது. யாருக்குச் சிகிச்சை வேண்டாம் என்று முடிவு செய்வதும் ஒரு திறமை. அது பல நூறு நோயாளிகளைக் கண்ட பின்னரே வரும்.

இரு பக்கத்தாருக்கும் இதில் வருமானமும் உண்டு என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆகவே வாதத்தை விடப் பலனைப் பார்ப்பது நல்லது. ஒக்லஹோமாவில் கண் அழுத்தத்துக்கு லேசர் செய்து கொண்டவர்களை ஆராய்ந்து 2016 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒப்ரோமெற்றிஸ்ற்றிடம் செய்து கொண்டவர்களுக்கு அதே கண்ணில் மீண்டும் லேசர் செய்யப்படும் வாய்ப்பு, நிபுணரிடம் செய்து கொண்டவர்களை விட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது என அது கண்டது. "ஒரே சிகிச்சையை வேண்டுமென்றே இரண்டு தடவையாகப் பிரித்துச் செய்வதும் வழக்கம், அதைக் குறை என்று எண்ணக் கூடாது" என்று ஒப்ரோமெற்றிஸ்ற்றுகள் பதில் சொன்னார்கள். அந்தப் பதிலிலும் நியாயம் இருக்கலாம். ஆனால் இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. செய்த வேலையின் பலனை எண்ணிக் கணக்கு வைத்தால்தான் எவரைப் பற்றியும் நியாயமாகப் பேச முடியும்.

ஆபிரிக்காவின் பட்டறிவு

அமெரிக்காவில் நிபுணர் தூரத்தில் இருக்கிறார். ஆபிரிக்காவின் பல நாடுகளில் நிபுணரே இல்லாத மாவட்டங்கள் உள்ளன. அதனால் கம்பியா, கென்யா, தன்சானியா, மலாவி முதலிய நாடுகள் வேறொரு வழியை எடுத்தன. அனுபவமுள்ள தாதியர்களுக்கும் மருத்துவ உதவியாளர்களுக்கும் கண்புரைச் சிகிச்சையில் மட்டும் தனிப் பயிற்சி கொடுத்தன. அங்கே மூன்றாம் வகை வேலையையே, அதாவது கண்ணைத் திறந்து புரை எடுப்பதையே, வைத்தியர் அல்லாதவர்கள் செய்தார்கள். அவர்களால் பார்வை பெற்றவர்கள் ஏராளம்.

ஆனால் அந்த நாடுகளில் பின்னர் செய்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. பயிற்சி பெற்றவர்களில் சிலர் வருடத்திற்கு மிகப் பல சிகிச்சைகள் செய்தார்கள். வேறு பலர் மிகச் சிலவே செய்தார்கள். நல்ல கருவி, உதவிக்கு ஆள், மேற்பார்வை செய்ய நிபுணர், நோயாளியைக் கூட்டி வர வாகனம் ஆகியவை இருந்த இடத்தில் வேலை நடந்தது. அவை இல்லாத இடத்தில் பயிற்சிப் பத்திரம் சுவரிலே தொங்கியது. கத்தியைக் கொடுத்து ஒருவரைத் தனியே அனுப்பி விடுவது, விதை வெங்காயத்தைக் கொடுத்துத் தண்ணீர் இல்லாத காணியைக் காட்டுவது போன்றது.

மதுரை எடுத்த வழி

எங்களுக்கு மிக அண்மையில் உள்ள எடுத்துக்காட்டு மதுரையில் இருக்கிறது. அரசாங்க சேவையில் இருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976 இல் பதினொரு கட்டில்களோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். இளமையில் வந்த மூட்டு வாதத்தால் அவருடைய விரல்கள் கோணிப் போயிருந்தன. அந்த விரல்களால் நுண்ணிய கருவிகளைப் பிடிக்கப் பழகியே அவர் சத்திரசிகிச்சை நிபுணரானார்.

கத்தியை யாருக்குக் கொடுப்பது என்பதற்குப் பதிலாக அங்கே வேறொரு கேள்வி கேட்கப்பட்டது. நிபுணருடைய நேரத்தில் எவ்வளவு, கத்தி பிடிக்காத வேலைகளில் போகிறது? பார்வை அளப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, வில்லையின் அளவு எடுப்பது, கண்ணைக் கழுவித் தயார் செய்வது, கட்டுப் போடுவது, நோயாளிக்கு விளங்கச் சொல்வது: இவற்றைச் செய்யக் கிராமத்துப் பெண்பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து இரண்டு வருடம் பயிற்றினார்கள். நிபுணர் ஒரு மேசையில் வேலையை முடிக்கும்போது அடுத்த மேசையில் அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார். இதனால் ஒரு நிபுணர் பல நிபுணர்களின் வேலையைச் செய்ய முடிந்தது. 1992 இல் தொடங்கிய அவர்களுடைய அவுரோலாப் என்ற தொழிலகம், வெளிநாட்டில் இருந்து பெரும் விலைக்கு வந்த செயற்கை வில்லையை மிகக் குறைந்த விலையில் செய்யத் தொடங்கியது. பின்னர் கிராமங்களில் சிறு பார்வை நிலையங்களைத் திறந்தார்கள். அங்குள்ள பயிற்சி பெற்றவர் கண்ணைப் பரிசோதிப்பார். தூரத்தில் உள்ள வைத்தியர் கணினி மூலம் பார்த்து முடிவு சொல்வார்.

கத்தி நிபுணரின் கையிலேயே இருந்தது. கத்திக்கு முன்னும் பின்னும் உள்ள அத்தனை வேலையும் கிராமத்தை நோக்கி வந்தது.

எங்கள் மண்ணில்

வைத்திய வேலையைப் பகிர்ந்து செய்வது யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. அமெரிக்க மிஷன் 1816 இல் தெல்லிப்பழையில் பணி தொடங்கிய சில வருடங்களில் டாக்டர் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் வைத்தியம் செய்தார். 1847 இல் வந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் வைத்தியசாலையை அமைத்தார். சத்திரவைத்தியத்தைத் தன் கைக்குள் வைத்திருக்க அவர் விரும்பவில்லை. எங்கள் இளைஞர்களுக்குத் தமிழிலேயே கற்பித்தார். அவர்கள் படிப்பதற்காக "இரணவைத்தியம்" உட்படப் பல நூல்களைத் தமிழில் ஆக்கினார். அறுபதுக்கு மேற்பட்டவர்களைப் பயிற்றினார். ஊரவர்களால் இது முடியாது என்று அன்று எண்ணியவர்களுக்கு அதுவே பதிலாயிற்று. ஆனால் அவர் குறுக்குவழி காட்டவில்லை. உடற்கூற்றில் இருந்து தொடங்கி முறையாக, வருடக்கணக்கில் கற்பித்தார்.

பின்னர் எங்கள் பெற்றோர் அறிந்தது அப்போதிக்கரியை. முழு வைத்தியரை விடக் குறைந்த காலம் பயின்ற அவர், கிராமத்து மருந்துச்சாலைகளைப் பல காலம் தாங்கினார். எது தன்னால் முடியும், எதைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று அறிந்த அப்போதிக்கரியை மக்கள் மதித்தார்கள். அந்த எல்லையை அறிவதே அவருடைய பெரிய திறமை.

மறுபுறத்தில், இந்தியாவிலும் இலங்கையிலும் பழங்காலத்தில் ஊசியால் புரையைக் கண்ணுக்குள் பின்னே தள்ளிவிடும் வழக்கமும் இருந்தது. அன்றைக்கே பார்வை தெரியும், குடும்பம் மகிழும், செய்தவர் கூலி வாங்கிக் கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். தள்ளப்பட்ட வில்லை உள்ளே கிடந்து அழற்சியை உண்டாக்கிப் பலருக்குக் கண்ணே போய்விடும். கண் வைத்தியத்தில் முதல் நாட் பார்வையை நம்பக் கூடாது. ஆறு வாரம் கழித்துத் தெரியும் பார்வையே கணக்கு.

முழு வைத்தியர் செய்தால் ஆபத்தே இல்லை என்றும் எண்ண வேண்டாம். 2008 இல் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் இலவசக் கண் முகாம் ஒன்றின் மூலம் சத்திரசிகிச்சை செய்து கொண்டவர்களில் அறுபதுக்கு மேற்பட்டோர் கிருமி தொற்றிப் பார்வை இழந்தனர். 2023 இல் எங்கள் நாட்டிலேயே, நுவரெலியாவில் கண்புரைச் சிகிச்சை பெற்ற சிலர், பின்னர் இட்ட கண்சொட்டு மருந்தில் இருந்த கிருமியால் பாதிக்கப்பட்டனர். ஒழுங்கு, சுத்தம், பின்பார்வை ஆகிய மூன்றும் இல்லாவிட்டால் எவருடைய பட்டமும் கண்ணைக் காக்காது.

நாம் எதைக் கேட்க வேண்டும்?

எங்கள் எண்ணம் இது. கண்ணைத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சை, எங்கள் நாட்டில், நிபுணரின் கையிலேயே இருக்கட்டும். வசதி உள்ளவனுக்கு நிபுணர், முகாமில் இருப்பவனுக்குக் குறைந்த பயிற்சி பெற்றவர் என்ற இரண்டு தரம் வரக் கூடாது. ஆனால் அந்த ஒரு வேலையைக் காரணம் காட்டி, மற்ற எல்லா வேலைகளையும் நகரத்திலேயே பூட்டி வைப்பதும் நியாயமல்ல. பார்வை அளத்தல், புரையைக் கண்டுபிடித்தல், அழுத்தம் பார்த்தல், சிகிச்சைக்குப் பின் கண்ணைப் பார்த்தல் ஆகியவற்றை ஒப்ரோமெற்றிஸ்ற்றும் கண் தொழில்நுட்பவியலாளரும் கிராமத்திலேயே செய்ய முடியும். அவர்களுக்கு அந்தப் பொறுப்பை முழுமையாகக் கொடுங்கள் என்று நாம் கேட்க வேண்டும். கிராம முன்னேற்றச் சங்கமும் ஆலயமும் ஒரு மண்டபத்தையும் ஒரு வாகனத்தையும் கொடுக்க முடியும்.

எதிர்காலத்தில் லேசர் போன்ற சில வேலைகளுக்கு எங்கள் நாட்டிலும் அனுமதி கேட்கப்படலாம். அப்போது உடனே ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல் மூன்றைக் கேட்போம். பயிற்சி எவ்வளவு, யாருடைய கண்காணிப்பில்? ஒன்று பிழைத்தால் நோயாளியை ஏற்கும் நிபுணர் எவ்வளவு தூரத்தில்? பலனைக் கணக்கெடுத்து வெளியிடுபவர் யார்?

கண்ணைக் கொடுக்கும் முன்

முகாமிலோ ஆஸ்பத்திரியிலோ சிகிச்சைக்குச் செல்லும் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை:

1. "புரை முற்றட்டும்" என்று காத்திருப்பது பழைய காலத்து வழக்கம். இன்று அது தேவையில்லை. மிக முற்றிய புரை கண் அழுத்தத்தைக் கூட்டிக் கடும் நோவையும் நிரந்தர இழப்பையும் தரலாம். அன்றாட வேலைக்கு இடைஞ்சலானால் அதுவே செல்லும் நேரம்.

2. பார்வை மங்கல் எல்லாம் புரை அல்ல. சிலருக்குக் கண்ணாடியே போதும். சிலருக்கு அழுத்த நோய் இருக்கும். அதனால் இழந்த பார்வை சத்திரசிகிச்சையால் திரும்பாது. முதலில் முழுப் பரிசோதனை.

3. சத்திரசிகிச்சை செய்யப் போகிறவர் யார், அவர் கண் நிபுணரா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

4. நீரிழிவு, இரத்த அழுத்தம், உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றை மறைக்காது சொல்லுங்கள். இடப்பெயர்வில் கிளினிக் கொப்பி தொலைந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். மருந்துக் குளிசைகளையே கையோடு கொண்டு போங்கள்.

5. மறுநாளும், ஒரு வாரத்தின் பின்னரும், ஆறு வாரமளவிலும் கண்ணைப் பார்ப்பவர் யார், எங்கே என்று முன்னரே கேளுங்கள். அதற்கு விடை இல்லாத முகாமில் கண்ணைக் கொடுக்க வேண்டாம்.

6. சிகிச்சையின் பின் நோவு கூடினால், கண் சிவந்தால், தெரிந்த பார்வை மங்கினால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். விடியட்டும் என்று பார்க்க வேண்டாம். சில மணித்தியாலங்களே கண்ணைத் தீர்மானிக்கும்.

7. தோட்டத்துப் புழுதி, கிணற்று நீர், மருந்தடித்தல் ஆகியவற்றை வைத்தியர் சொல்லும் வரை தள்ளி வையுங்கள். முலைப்பால், இலைச்சாறு எதனையும் கண்ணில் விட வேண்டாம்.

பெத்சாயிதா ஊரிலே இயேசு குருடன் ஒருவனைத் தொட்ட வரலாற்றை மாற்கு எழுதியிருக்கிறார். முதற்தரம் தொட்டபின் அவர் அவனை அனுப்பிவிடவில்லை. எதையாவது காண்கிறாயா என்று கேட்டார். மனிதர்கள் மரங்களைப் போல நடக்கக் காண்கிறேன் என்றான். அவர் மீண்டும் தொட்டார். அதன் பின்னரே அவன் தெளிவாகக் கண்டான். எங்கள் முதியவர்களின் கண்ணைத் தொடுகிறவர் எந்தப் பட்டம் பெற்றவராயினும், திரும்பவும் வந்து என்ன தெரிகிறது என்று கேட்பவராக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட சேவையைக் கேட்டுப் பெறுவோம். பங்குக் கிணற்றின் கட்டை அடையாளம் காட்ட வேண்டிய கண்கள் இன்னும் எங்கள் வீடுகளில் இருக்கின்றன.